தாய்லாந்தில் பிள்ளை கைதானால் வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் ஒரு காப்பி அப்ளிகேஷன் போட்டுவிட்டு வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றேன். பேர்ணாம்பட்டிலிருந்து அக்கா போன் செய்தாள். "தம்பி, பையனை போலீஸ் புடிச்சிட்டாங்களாம்டா. பாங்காக்ல. நீ கோர்ட்லதான இருக்க, யாரையாவது வெச்சி ஜாமீன் எடுத்துடுடா."

31 வருஷமாக கிரிமினல் பக்க வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். ரிமாண்டு, ஜாமீன், வாய்தா, சாட்சி, தீர்ப்பு எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் அன்று எனக்குத் தெரிந்ததில் பாதி அங்கே செல்லாது என்று அடுத்த மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டேன். டிவியில் அமெரிக்கப் படம் பார்த்துத் தெரிந்துகொண்டதும் செல்லாது. எங்களுக்கு அந்த மூன்று மாதம் ஆனது. உங்களுக்கு ஒரு நாளிலேயே தெரிந்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ பிள்ளைகள் சுற்றுலா விசாவில் போய், யாரோ ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பி ஓட்டல் வேலையிலோ டேட்டா என்ட்ரி வேலையிலோ சேர்ந்துவிடுகிறார்கள்.

என் அக்கா மகனும் அப்படிப் போனவன்தான். ஓட்டல் அடுப்படியில் உடன் வேலை செய்தவனோடு வாய்த்தகராறு, கரண்டியால் அடித்ததில் அவனுக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. அடித்தது உண்மை. அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

முதல் 48 மணி நேரம்

நம் ஊரில் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். தாய்லாந்தில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த நேரத்திலிருந்து 48 மணி நேரம். இங்கிலாந்தில் சாதாரணமாக 24 மணி நேரம், பெரிய குற்றமாக இருந்தால் கோர்ட் அனுமதியோடு 96 மணி நேரம் வரை போகும்.

இந்த 48 மணி நேரத்தில்தான் கேஸின் அஸ்திவாரம் விழுகிறது. ஏன் என்று சொல்கிறேன். நம் சட்டத்தில் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. வேலூரில் எந்த ஸ்டேஷனில் எதில் கையெழுத்து வாங்கினாலும், "அதைக் கோர்ட்டில் பார்த்துக்கலாம், கவலைப்படாதீங்க" என்று நானே எத்தனையோ தாய்மார்களிடம் சொல்லியிருக்கிறேன். தாய்லாந்தில் அப்படிச் சொல்ல முடியாது. பிடித்த போலீஸ்காரரிடம் பிடித்த இடத்தில் ஒப்புக்கொண்டது அங்கேயும் சாட்சியம் ஆகாது. ஆனால் ஸ்டேஷனில் விசாரணை அதிகாரி முறைப்படி உரிமைகளைச் சொல்லி, எழுதி வாங்கும் வாக்குமூலம் கோர்ட்டுக்குப் போகும். நம் பழக்கத்தில் அந்த இரண்டாவது காகிதத்தை அலட்சியமாக நினைத்துவிடுகிறோம்.

எங்கள் பையன் தாய்லாந்து மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். மொழிபெயர்த்தவன் அதே ஓட்டலில் வேலை செய்த இன்னொருவன், இந்தியும் கொஞ்சம் தாய்லாந்து மொழியும் தெரிந்தவன். பையன் சொன்னது, "அவன் திரும்பி வந்தப்ப அடிச்சேன்." காகிதத்தில் ஏறியது, "அவன் வருவதற்காகக் காத்திருந்து அடித்தேன்." இந்த ஒரு வார்த்தைக்கு விலை உண்டு. அங்கே கொடுங்காயம் 297-ஆம் பிரிவு, 6 மாதம் முதல் 10 வருஷம். முன்யோசனையோடு செய்ததென்றால் 298, குறைந்தபட்சமே 2 வருஷம்.

ஆகவே பிள்ளை போனில் கிடைத்தால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். பேசாமல் இருக்க உனக்கு உரிமை இருக்கிறது. வக்கீல் வேண்டும் என்று கேள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேள். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. வக்கீலைத் தாய்லாந்து மொழியில் 'தனாய்' என்பார்கள், மொழிபெயர்ப்பாளர் 'லாம்'. இந்த இரண்டு சொல்லையும் அவன் மனப்பாடம் செய்தால் போதும். சிறைத் தண்டனை உள்ள எந்தக் குற்றமானாலும், சொந்தமாக வக்கீல் இல்லை, வேண்டும் என்று கேட்டால் அரசே வைத்துத் தர வேண்டும். மரண தண்டனை உள்ள குற்றமாக இருந்தாலும், வயது 18-க்குக் கீழே இருந்தாலும் கேட்காமலே தர வேண்டும். வீட்டாருக்குத் தகவல் சொல்லும் உரிமையும், வக்கீலைத் தனியாகப் பார்த்துப் பேசும் உரிமையும் அவர்கள் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும் என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

வீட்டில் நீங்கள் அதே நாளில் செய்ய வேண்டியது: பாங்காக்கில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு மின்னஞ்சல், வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற குறைதீர்ப்பு இணையதளத்தில் பதிவு, சென்னையில் அயலகத் தமிழர் நலத் துறைக்கு ஒரு மனு. மூன்றிலும் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, எந்த ஸ்டேஷன், எந்தத் தேதி என்று ஒரே மாதிரி எழுதுங்கள். தூதரகம் ஆளைப் போய்ப் பார்க்கும், வக்கீல்கள் பட்டியல் தரும். கேஸ் நடத்தாது, ஜாமீன் பணம் கட்டாது. இதை எதிர்பார்த்து உட்கார்ந்துவிடாதீர்கள். அதே சமயம், "நான் போலீஸில் பேசி முடிச்சித் தர்றேன், 80,000 ரூபாய் அனுப்புங்க" என்று அங்கிருந்து ஒருவன் கூப்பிடுவான். எங்களையும் கூப்பிட்டான். அக்கா வளையலைக் கழற்றிவிட்டாள். அன்று மாமா பேங்கில் வரிசையில் நின்றிருக்கும்போது நான் மட்டும் போன் செய்திருக்காவிட்டால் பணம் போயிருக்கும்.

12 நாள் கணக்கு

48 மணி நேரம் முடிந்ததும் கோர்ட்டில் காவல் கேட்பார்கள். அங்கே அதன் பெயர் 'ஃபாக் கங்'. நம் ரிமாண்டுதான். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 12 நாள். 10 வருஷத்துக்குக் குறைவான தண்டனை என்றால் மொத்தம் 48 நாள். 10 வருஷமோ அதற்கு மேலோ என்றால் மொத்தம் 84 நாள், அதாவது ஏழு தடவை. 6 மாதத்துக்கு மேற்படாத சின்னக் குற்றத்துக்கு ஒரே தடவை, 7 நாள். சார்ஜ் ஷீட் போடும் வரை காவலில் வைக்க நம் ஊரில் உள்ள 60, 90 நாள் கணக்கோடு ஒப்பிட்டால் புரிந்துகொள்வது சுலபம். எங்கள் பையனுக்கு 10 வருஷப் பிரிவு, எனவே 84.

ஒவ்வொரு தடவையும் கோர்ட் அவனிடம் ஆட்சேபம் இருக்கிறதா என்று கேட்கும். அன்று வக்கீல் இருந்தால்தான் அந்தக் கேள்விக்கு அர்த்தம். காலண்டரில் 12 நாளுக்கு ஒரு வட்டம் போட்டு வைத்துக்கொண்டு, முந்தின நாளே வக்கீலுக்கு ஞாபகப்படுத்தினேன். நம் ஊரில் கேஸ் கட்டுக்கு நான் செய்யும் வேலையேதான் அது.

காகிதங்களில் தேதி புத்த ஆண்டில் இருக்கும். 2568 என்று இருந்தால் 543-ஐக் கழித்து 2025 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க அந்த எண் தேதியா கேஸ் நம்பரா என்று நானும் என் பெண்ணும் குழம்பினோம்.

ஜாமீன் விஷயத்தில் நம் அனுபவம் சுத்தமாக உதவாது. இங்கே இரண்டு ஜாமீன்தாரர், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது. அங்கே பெரும்பாலும் ரொக்கம், அல்லது நிலப் பட்டா, வங்கிக் கணக்கு. குற்றத்துக்கு ஏற்ற தொகையைக் கோர்ட் பட்டியலாகவே வைத்திருக்கிறது. வெளிநாட்டுக்காரன் ஓடிவிடுவான் என்ற சந்தேகம் எப்போதும் இருப்பதால் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்வார்கள், நாட்டை விட்டுப் போகத் தடை போடுவார்கள், காலில் மின்னணுப் பட்டை கட்டச் சொல்வதும் உண்டு. நிலையான தங்குமிட முகவரி ஒன்று இல்லாமல் மனு போட்டால் தள்ளுபடிதான். தள்ளுபடி செய்த உத்தரவுக்கு மேல்முறையீடு செய்யலாம். அமெரிக்காவில் கமிஷன் வாங்கிக்கொண்டு ஜாமீன் கட்டும் கடைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், அதை மனதில் வைத்துக்கொண்டு ஆள் தேடாதீர்கள்.

இடையில் ஒரு சின்ன விஷயம். வக்கீலுக்குக் கொடுக்கும் வக்காலத்தில் பையனே சிறையில் கையெழுத்துப் போட்டுவிடலாம். அதற்காக நீங்கள் இங்கே நோட்டரியிடம் ஓட வேண்டாம். அவன் பெயரில் பணம் எடுக்க, பொருள் வாங்க அதிகாரப் பத்திரம் வேண்டுமென்றால்தான் நோட்டரி, வெளியுறவுத் துறை, சென்னை தாய்லாந்து துணைத் தூதரகம் என்று முத்திரைகள் தேவைப்படும். வக்கீல் தாய்லாந்து நாட்டவராகத்தான் இருக்க வேண்டும். வெளிநாட்டவர் அந்தக் கோர்ட்டில் வாதாட முடியாது.

பிபி (அரசு வழக்கறிஞர்) மேஜையில் ஒரு வாசல்

இதைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். நம் ஊரில் இன்ஸ்பெக்டர் சார்ஜ் ஷீட்டை நேராகக் கோர்ட்டில் போட்டுவிடுகிறார். பிபி அப்புறம்தான் உள்ளே வருகிறார். தாய்லாந்தில் போலீஸ் தன் கருத்தோடு கேஸ் கட்டை அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அனுப்புகிறது. வழக்குப் போடுவதா, வேண்டாமா, எந்தப் பிரிவில் என்று முடிவெடுப்பது அவர்தான். அவர் முடிவெடுப்பதற்கு முன், நியாயம் கேட்டு அவரிடமே மனு கொடுக்கலாம். புதிய சாட்சியை விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

எங்கள் வக்கீல் அதைத்தான் செய்தார். அடுப்படி கேமரா பதிவை ஓட்டல்காரரிடம் கேட்டு வாங்கி, பையன் எங்கேயும் காத்திருக்கவில்லை, வறுவல் கடாய்க்கு முன்னால்தான் நின்றிருந்தான் என்று காட்டினார். அடிபட்டவனுக்கு மருத்துவச் செலவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கி அதையும் சேர்த்தார். 298 போய் 297 மட்டும் நின்றது. கோர்ட்டில் போய்ச் சாட்சி விசாரித்து இதே வார்த்தையை உடைக்க வேண்டியிருந்தால் எத்தனை மாதம் ஆகியிருக்குமோ.

காயச் சான்றிதழ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 20 நாளுக்கு மேல் வேதனையோ வேலை செய்ய முடியாத நிலையோ இருந்தால் அங்கே கொடுங்காயம். நம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் அதே 20 நாள்தான், 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில்தான் 15 ஆனது. படித்தபோது, பழகின முகத்தை வெளியூரில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

பணம் சம்பந்தப்பட்ட சில குற்றங்களில், மோசடி, நம்பிக்கை மோசடி போன்றவற்றில், புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்கினால் வழக்கே முடிந்துவிடும். நம் ஊர் ராஜி மாதிரி. கொடுங்காயத்தில் அது முடியாது, தண்டனையைக் குறைக்க மட்டும் உதவும். அதோடு, தாய்லாந்தில் பாதிக்கப்பட்டவரே நேரடியாகக் கிரிமினல் வழக்குப் போடலாம். அப்படிப் போட்டால் கோர்ட் முதலில் முகாந்திரம் இருக்கிறதா என்று ஒரு விசாரணை நடத்திப் பார்த்துத்தான் ஏற்கும். பிபி போடும் வழக்குக்கு அது தேவையில்லை.

கோர்ட்டுக்குள்

ஜூரி கிடையாது. 12 பேர் உட்கார்ந்து ஒருமனதாகச் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்கா. பிரான்சில் மிகப் பெரிய குற்றத்துக்கு நீதிபதிகளோடு பொதுமக்களும் உட்காருவார்கள், ஜெர்மனியில் சாதாரண மக்கள் இருவர் நீதிபதி பக்கத்தில் உட்காருவார்கள். தாய்லாந்தில் தேர்வு எழுதி வந்த தொழில்முறை நீதிபதிகள் மட்டும். 3 வருஷச் சிறை அல்லது 60,000 பாட் அபராதத்துக்குள் அடங்கும் சின்ன வழக்கை ஒரு நீதிபதி விசாரிப்பார், அதற்கு மேலே இரண்டு பேர். நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை, நாமும் 1973 சட்டத்தோடு ஜூரியை விட்டுவிட்டோம். ஆனால் வாதத்தை எப்படிச் சொல்வது என்பது இதனால் மாறுகிறது. கண்ணீர்க் கதைக்கு அங்கே கேட்பவர் இல்லை, காகிதம் பேச வேண்டும்.

தாய்லாந்து யாருக்கும் அடிமையாக இருந்ததில்லை. அதனால் நம்மைப் போல ஆங்கிலேயன் எழுதிக் கொடுத்த சட்டம் இல்லை. ஐரோப்பாவைப் பார்த்துத் தாங்களே 1908-இல் ஒரு தண்டனைச் சட்டம் எழுதினார்கள், அதற்கு முன்நின்றவர்களில் ஒருவர் ஆக்ஸ்போர்டில் படித்த இளவரசர் ரபி. இப்போதுள்ள குற்ற நடைமுறைச் சட்டம் 1935-இலிருந்து இருக்கிறது. சட்டத் தொகுப்பு பிரெஞ்சு, ஜெர்மன் வழியில் இருந்தாலும், சாட்சியை விசாரிப்பது ஆங்கில வழி. முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, மறு விசாரணை என்று நமக்குத் தெரிந்த அதே வரிசை. பிரான்சில் போல நீதிபதியே கேஸ் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேள்விகளை நடத்துவதில்லை, ஆனாலும் இடையிடையே அவர் கேட்பார். கோர்ட்டை 'சான்' என்கிறார்கள், அது நம் சாலை, பாடசாலையில் உள்ள சாலை. கிரிமினல் கோர்ட் 'சான் ஆயா', அந்த ஆயா ஆக்ஞை. வடசொல் அங்கேயும் போய் உட்கார்ந்திருக்கிறது.

சாட்சி சொல்வதை நீதிபதி சுருக்கி ஒலிப்பதிவுக் கருவியில் சொல்வார், அதை டைப் அடித்து, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு சொல்லும் அப்படியே பதிவாகும். இங்கே நம் கோர்ட்டிலும் சுருக்கித்தான் டைப்பிஸ்டிடம் சொல்கிறார்கள், எனவே எனக்குப் புதிதில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போய், சுருங்கி, மறுபடி மொழிபெயர்ப்பாக வருகிறது. படித்துக் காட்டும்போது பையன் தூங்கிவிடக் கூடாது. தப்பு இருந்தால் அந்த இடத்திலேயே திருத்தச் சொல்ல வேண்டும்.

வாய்தாக் கணக்கும் வேறு. முதலிலேயே ஒரு நாள் கூப்பிட்டு, எத்தனை சாட்சி, எத்தனை நாள் என்று பேசி, தொடர்ச்சியாகத் தேதிகள் போட்டுவிடுவார்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று சாட்சியைத் தயார் செய்யாமல் இருந்தால் வாய்ப்பே போய்விடும். இங்கிருந்து யாராவது சாட்சி சொல்லப் போக வேண்டுமென்றால் அந்தத் தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

கோர்ட் ஹாலில் கால் மேல் கால் போடாமல், குரலை உயர்த்தாமல் இருக்கச் சொல்லுங்கள். தீர்ப்பு மன்னர் பெயரால் சொல்லப்படுகிறது. கோர்ட்டை அவமதித்தால் அதே நீதிபதி 6 மாதம் வரை உள்ளே போடலாம்.

ஒப்புக்கொள்வதா

குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையில் பாதி வரை குறைக்க 78-ஆம் பிரிவு இடம் தருகிறது. பெரும்பாலும் பாதி குறைகிறது. இங்கிலாந்தில் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்காவில் பிபியோடு பேரம் பேசி, குற்றச்சாட்டையே மாற்றிக்கொள்வார்கள். நம் நாட்டிலும் 2006-இலிருந்து 7 வருஷம் வரையிலான பல குற்றங்களுக்குப் பேரம் சட்டத்தில் இருக்கிறது. தாய்லாந்தில் பிபியோடு பேரம் கிடையாது. குறைப்பது நீதிபதியின் கையில்.

குறைந்தபட்சத் தண்டனையே 5 வருஷமாக உள்ள குற்றத்தில், ஒப்புக்கொண்டாலும் கோர்ட் சாட்சியம் கேட்டுத் திருப்தியான பிறகுதான் தண்டிக்கும். அதற்குக் கீழே சாட்சியே இல்லாமல் அன்றே முடித்துவிடலாம். எங்கள் வழக்கு அப்படித்தான் ஒரே நாளில் முடிந்தது. 1 வருஷம், பாதியாகி 6 மாதம், அதையும் நிறுத்தி வைத்தார்கள். 5 வருஷத்துக்கு மேற்படாத தண்டனையை, முதல் குற்றம் என்றால், நிறுத்தி வைக்க 56-ஆம் பிரிவு இருக்கிறது.

செய்யாத பிள்ளையை, பாதி கிடைக்கும் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைக்காதீர்கள். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே என்று அவர்கள் 227-ஆம் பிரிவும் சொல்கிறது. மறுத்து நடத்த நாளாகும், அதுவரை உள்ளேயே இருக்க நேரலாம், அது கொடுமை. ஆனால் முடிவு அவனுடையது. வக்கீலிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒப்புக்கொண்டால் எவ்வளவு, மறுத்துத் தோற்றால் எவ்வளவு, இரண்டையும் எழுதிக் கொடுங்கள். நாங்கள் கேட்டோம், கொடுத்தார்.

அபராதம் கட்ட முடியாவிட்டால் நாளுக்கு 500 பாட் வீதம் கழித்துச் சிறையில் இருக்க வேண்டும். 20,000 பாட் என்றால் 40 நாள். கட்டிவிடுவதே நல்லது.

மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம். பிபியும் செய்வார், அமெரிக்காவில் விடுதலையை எதிர்த்து அவரால் முடியாது. விடுதலை கிடைத்தாலும், வழக்கு இறுதியாகும் வரை காவலில் வைக்கவோ ஜாமீனில் விடவோ கோர்ட் உத்தரவிடலாம். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் விடுதலை என்ற சொல்லைக் கேட்டு வீட்டில் பாயசம் வைத்துவிட்டு அழ நேரும். நீண்ட தண்டனை விழுந்தால், 2012 ஜனவரியில் இரு நாடும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி மீதியை இந்தியச் சிறையில் கழிக்க மனு போடலாம். மேல்முறையீடு எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது.

கோர்ட்டுக்குப் பிறகு

தீர்ப்பு வந்த அன்று பையன் வெளியே வந்துவிடுவான் என்று அக்கா நினைத்தாள். வரவில்லை. விசா காலாவதியாகியிருந்ததால் குடியேற்றத் துறையின் தடுப்புக் காவலுக்குக் கொண்டுபோனார்கள். விசா தாண்டித் தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட், அதிகபட்சம் 20,000. அனுமதி இல்லாமல் வேலை செய்ததற்கு 5,000 முதல் 50,000 பாட் வரை தனி அபராதம். இதெல்லாம் முடிந்து, கையில் பயண ஆவணமும் விமான டிக்கெட்டும் இருந்தால்தான் அனுப்புவார்கள். டிக்கெட் வாங்குவது நம் செலவு. பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும், அதற்கு வேலூர் முகவரிக்கான சான்றும் பள்ளிச் சான்றிதழும் ஸ்கேன் செய்து முன்பே அனுப்பி வையுங்கள்.

டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும். எங்கள் பையனுக்கு அப்பா பெயர் முன்னால் விழுந்துவிட்டதால் ஒரு விமானம் போய்விட்டது. மேலும் நாலு நாள் உள்ளே இருந்தான். அடுத்த டிக்கெட்டை நானே எழுத்துக் கூட்டிப் பார்த்து எடுத்தேன்.